இறங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கையேடு

ஸ்னோபோர்டு வீரராவதற்கு மூன்று பொருள் வேண்டும்: ஒரு பலகை, ஒரு சரிவு, கொஞ்சம் பனி. பங்காருபேட்டைக்காரரிடம் இந்த மூன்றில் சரிவு மட்டும் இருக்கிறது, அதிலும் சயனைடு கலந்திருக்கிறது. இதைக் கேட்டதுமே தளர்ந்துபோகிறவர்கள் பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போகலாம். மிச்சமிருப்பவர்களுக்காக இந்தக் கையேடு.

தொழில் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்பார்கள். நிமிர்த்தி வைத்தால் உங்கள் தாடை வரைக்கும் வரக்கூடிய ஒரு பலகை. அதில் இரண்டு காலையும் இறுகக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, பனிமலையிலிருந்து கீழே வர வேண்டும். அவ்வளவுதான். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். 1977-இல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட்டில் அதைக் கம்பெனியாக்கினார். 1998 நாகானோவில் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். அங்கே முதல் தங்கம் வாங்கிய கனடாக்காரர் ராஸ் ரெபாக்லியாட்டி கஞ்சாப் பரிசோதனையில் மாட்டினார். பதக்கத்தைப் பறித்து, பிறகு அது தடை செய்யப்பட்ட பொருள் பட்டியலிலேயே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கடைசி விவரத்தை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

எப்படிச் சொன்னாலும் பாட்டி கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: "இன்னா நைனா, பலகை மேல நின்னுகினு கீழ வர்றதுக்கா காசு குடுக்கிறான்?" ஆமாம் பாட்டி என்று சொல்லுங்கள். தாத்தாவுக்கும் சுரங்கத்தில் கீழே போவதற்குத்தானே காசு கொடுத்தான்.

முதல் படி: பனியைப் பற்றிக் கவலைப்படாதிருத்தல்

பங்காருபேட்டையில் பனி பெய்யாது. மார்கழியில் விடியற்காலை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவதோடு எங்கள் குளிர்காலம் சரி. பக்கத்துக் கோலார் தங்கவயலின் குளிருக்கு மயங்கி வெள்ளைக்காரன் அதைக் குட்டி இங்கிலாந்து என்றானே தவிர, குட்டி சுவிட்சர்லாந்து என்று யாரும் சொன்னதில்லை.

ஆனால் பனி விழும் ஊர்களின் நிலைமையையும் பாருங்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறக்குறைய முழுக்க மெஷினில் செய்த பனியில் நடந்தது. நம் நாட்டின் பனி விளையாட்டுத் தலைநகரம் குல்மார்க். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் போதிய பனி இல்லை என்று மார்ச் மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த பிப்ரவரியில் குல்மார்க்கும் பங்காருபேட்டையும் ஒரே வரிசையில் நின்றன. எங்களுக்கு அனுபவம் அதிகம் என்பது கூடுதல் தகுதி.

பனியே விழாத நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. கானா நாட்டின் குவாமே நிக்ருமா அச்சேம்பாங், இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் ஊரில் கூரைக்குள் அமைத்த ஒரு பனிச்சரிவில் வரவேற்பாளர் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்கீ பழகியதும் அங்கேதான். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் போட்டியில் 47-ஆவதாக வந்தார். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களிடம், அன்று இறங்கிய 102 பேரில் பாதிக்கு மேல் போட்டியை முடிக்கவே இல்லை என்பதையும், குவாமேக்குப் பின்னாலும் ஒருவர் வந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கு மில்டன் கீன்ஸ் வேண்டாம், துபாய் போதும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். 2005-இல் திறந்த ஸ்கீ துபாய் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் இருக்கிறது, நானூறு மீட்டர் சரிவு, டிக்கெட்டோடு குளிர் அங்கியும் கொடுக்கிறார்கள். அங்கே இருக்கும் மாமாவுக்கு லீவு இருந்தால் கூட்டிப்போகச் சொல்லலாம். வெளியே நாற்பத்தைந்து டிகிரியில் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும் மாமா அந்த மைனஸ் டிகிரியைப் பார்த்து என்ன நினைப்பார் என்பது இந்தக் கையேட்டில் அடங்காது. பெங்களூரில் ஸ்னோ சிட்டி என்று ஒன்று இருக்கிறது, அங்கே செல்ஃபிக்குத்தான் பயிற்சி கிடைக்கும்.

இரண்டாம் படி: சரிவு

இதற்கு எங்கும் அலைய வேண்டாம். பங்காருபேட்டை ஜங்ஷனில் மாரிக்குப்பம் வண்டியைப் பிடியுங்கள். தங்கச் சுரங்கத்துக்காகவே 1894-இல் போட்ட பத்து மைல் கிளைப்பாதை அது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று வரிசையாகச் சுரங்கங்களின் பெயரிலேயே ஸ்டேஷன்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால், தலை மட்டமாகவும் பக்கங்களை மழை கீறிக் கீறி ஓடைகளாக்கியும் நிற்கிற வெளிறிய மேடுகளைப் பார்க்கலாம். சயனைடு மேடு என்பார்கள். 'கேஜிஎஃப்' படத்துக்கு அங்கேதான் செட் போட்டார்கள். யஷ் நடந்த மேடு என்று சொன்னால் உங்கள் நண்பர்களும் கூட வருவார்கள்.

இந்த மேடு இயற்கை கொடுத்ததல்ல. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியது வரை, சேலம், தர்மபுரி, வடஆற்காடு பக்கத்திலிருந்து வந்த ஜனங்கள் பாறையை உடைத்து மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மில்லில் அதை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே கொட்டினார்கள். மூன்று கோடி டன்னுக்கு மேல் மிச்சம், 13 மேடுகள். தங்கம் எங்கே போனது என்பதற்குப் பல பதில்கள் உண்டு. மேடு எங்கும் போகவில்லை.

ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் ஹிர்ஷாவ் என்றொரு சிற்றூர். பீங்கான் செய்யும் கயோலின் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, கழிவு மணலைக் குவித்ததில் 120 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை எழும்பிவிட்டது. அதுவும் மூன்று கோடி டன்னுக்கு மேல்தான். மோன்டே கயோலினோ என்று இத்தாலிக்காரப் பெயர் வைத்தார்கள். 1950-களிலேயே மணல்மேல் ஸ்கீ விட ஆரம்பித்து, பிற்பாடு மணல் பலகைச் சறுக்கில் உலக சாம்பியன்ஷிப் போட்டியே அங்கே நடத்தினார்கள். மேலே ஏற்றிவிட லிஃப்ட், அடிவாரத்தில் நீச்சல் குளம், கூடாரம் அடித்துத் தங்க இடம். சுரங்கக் குப்பையை வைத்து ஒரு ஊர் கல்யாண மண்டபம் நடத்துகிற அளவுக்குச் சம்பாதிக்கிறது.

ஆக, சட்டப்படி யோசித்தால், கோலார் தங்கவயலில் உலக சாம்பியன்ஷிப் நடத்த எல்லா ஏற்பாடும் செய்து முடித்தாயிற்று. குறை ஒன்றே ஒன்றுதான். ஹிர்ஷாவில் இருப்பது வெறும் மணல். நம்முடையது மாவு. காற்று அடிக்கும் மாதங்களில் அது மேட்டை விட்டு எழுந்து, ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம் என்று வீடு வீடாகப் போய், காயப்போட்ட துணியிலும் சோற்றுப் பானையிலும் உட்காருகிறது. நுரையீரலிலும்தான். அதில் விழுந்து புரண்டு கற்றுக்கொள் என்று எழுதினால் என்மேல் வழக்குப் போடலாம், போடவும் வேண்டும். ஆகையால் இந்தப் படிக்கான அதிகாரபூர்வ அறிவுரை: சரிவைத் தூரத்திலிருந்து பார்க்கவும். மனதுக்குள் இறங்கவும். உலகத் தரமான வீரர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத்தைக் கற்பனை செய்து பார்க்கிறார்கள். உங்களுக்கு அதில் மட்டும் யாரும் போட்டிக்கு வர முடியாது.

பார்ப்பதையும் சீக்கிரம் பார்த்துவிடுங்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அந்த 13 மேடுகளையும் மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாத தங்கம்தான், விலை ஏறியிருக்கிறதே.

மூன்றாம் படிக்கு முன்னால் ஒரு கணக்கு

தொழில்முறை வீரனின் வாழ்க்கையை யாராவது உங்களுக்கு விளக்கும்போது, இறங்குவதைப் பற்றித்தான் பேசுவார்கள். வேகம், தைரியம், காற்றில் சுழல்வது எல்லாம் இறங்குகிற கணக்கு. ஏறுகிற கணக்கை யாரும் எழுதுவதில்லை.

குல்மார்க்கில் கோண்டோலா என்கிற கம்பிவட வண்டி உங்களை 2,650 மீட்டர் உயரத்தில் ஏற்றிக்கொண்டு, இரண்டு கட்டமாக அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,980 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இறங்கினால் 1,300 மீட்டர் சொச்சம் இறக்கம். வெளிநாட்டுக்காரர்கள் பறந்து வந்து வாயைப் பிளக்கிறார்கள். எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம். தாத்தா ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதில் போனார், பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடத்துக்கு. இறக்கத்தைப் பொறுத்தவரை அஃபர்வத் அவருக்கு முன்னால் பாதிகூடத் தேறாது.

ஆனால் ஒன்று. தாத்தாவைக் கேஜ் என்கிற கூண்டில் இறக்கிய கம்பெனி, ஷிஃப்ட் முடிந்ததும் கேஜிலேயே ஏற்றியும் விட்டது. டிக்கெட் கேட்கவில்லை. (ஏற்றப்படாதவர்களும் உண்டு, பாறை வெடிப்பு என்று எழுதி முடித்தார்கள்.) ஸ்னோபோர்டில் இறக்கம் உங்கள் திறமை, ஏற்றம் உங்கள் செலவு. கோண்டோலா டிக்கெட், குல்மார்க் போகிற ரயில் டிக்கெட், ஆஸ்திரியாவில் பயிற்சி என்றால் விமானம், விசா, கோச், தங்குமிடம். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத ஓர் இறக்கத்துக்காக வருடம் முழுவதும் ஏறிக்கொண்டே இருப்பதுதான் இந்தத் தொழில்.

மூன்றாம் படி: நிற்கப் பழகுதல்

இடது கால் முன்னால் வைத்து நிற்பவரை ரெகுலர் என்றும், வலது கால் முன்னால் வைப்பவரை கூஃபி என்றும் சொல்கிறார்கள். நீங்கள் எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்கள் செய்வது: நீங்கள் எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள், எந்தக் கால் முதலில் முன்னால் போகிறதோ அதுவே உங்கள் முன்கால். இதற்கு வெளிநாட்டில் பணம் வாங்குகிறார்கள். பங்காருபேட்டையில் காலை வண்டி வந்து நிற்கும்போது பிளாட்பாரத்தில் நின்றால் போதும்.

மீதியை அந்த வண்டியே கற்றுக்கொடுத்துவிடும். சுரங்கம் மூடியதிலிருந்து தங்கவயலின் பாதி ஊர் பெங்களூருக்குப் போய்த்தான் சம்பாதிக்கிறது. மாரிக்குப்பத்தில் ஏறியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பங்காருபேட்டையில் ஏறுகிறவருக்கு நிற்க இடம் கிடைத்தால் யோகம். எழுபது கிலோமீட்டர். கம்பியைப் பிடிக்காதீர்கள். முட்டியைத் தளர்த்தி, இடுப்பைத் தாழ்த்தி, எடையை ஒருமுறை குதிகாலிலும் ஒருமுறை முன்பாதத்திலும் மாற்றுங்கள். பலகையின் இரண்டு விளிம்புகளையும் திருப்புவது இந்த எடை மாற்றத்தால்தான், வேறு சூட்சுமம் கிடையாது. ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் யார் காலையும் மிதிக்காமல் நின்றுவிட்டால் நீங்கள் ஆரம்பநிலை தாண்டிவிட்டீர்கள்.

கூடவே விழவும் பழகுங்கள். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் உடைத்துக்கொள்வது மணிக்கட்டைத்தான், விழும்போது கையை ஊன்றுவதால். கையை முஷ்டியாக மூடிக்கொண்டு முன்கையிலோ பின்புறத்திலோ விழ வேண்டும். ரயிலில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: சாமான்

பலகை, பைண்டிங், பூட்ஸ், ஹெல்மெட், கண்ணாடி. நல்லதாக ஒரு செட் எடுத்தால் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். பங்காருபேட்டை பஜாரில் கிடைக்காது. பலகையின் அடிப்பாகத்தில் அவ்வப்போது மெழுகு உருக்கித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்காது. அதற்கென்று தனி இஸ்திரிப் பெட்டி விற்கிறார்கள். ஏழை வீரர்கள் வீட்டுப் பழைய இஸ்திரிப் பெட்டியையே எடுத்துக்கொள்வது உலக வழக்கம். ஒருமுறை மெழுகு பட்டால் அந்தப் பெட்டியால் பிறகு அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க முடியாது. அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவைக்கவும்.

ரயிலில் எடுத்துப்போகும்போது டிக்கெட் பரிசோதகர் அது என்னவென்று கேட்பார். உண்மையைச் சொன்னால் கதை நீளும். தையல் வேலை, துணி வெட்டுகிற பலகை என்று சொல்லிவிடலாம். பங்காருபேட்டையிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து கட்ரா, கட்ராவிலிருந்து 2025 ஜூனில் ஓட ஆரம்பித்த வந்தே பாரத்தில் செனாப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீநகர், பிறகு தங்மார்க் வழியாக ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. வழியில் கேட்கிற எல்லோருக்கும் துணி வெட்டுகிற பலகை என்றே சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: சேருமிடம்

குல்மார்க்கில் இந்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரில் இன்னொன்று. அரசு நிலையம் என்பதால் கட்டணம் குறைவு, சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து.

இதைவிட நல்ல வழி பட்டாளம். நம் நாட்டுப் பனி விளையாட்டு வீரர்களில் கணிசமானவர்கள் ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைப் படையும் வளர்த்தவர்கள். ராணுவத்தில் சேர்ந்தால் ஏறுகிற செலவு ராணுவத்துடையது. 2024 கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் முதலிடம் ராணுவத்துக்கு.

இரண்டாம் இடம் யாருக்கு என்று ஊகித்துப் பாருங்கள். இமாச்சலம் இல்லை, காஷ்மீர் இல்லை. கர்நாடகம். ஒன்பது தங்கம். பனி ஒரு துளியும் விழாத மாநிலம், ஐஸ் ஸ்கேட்டிங்கிலும் ஸ்கீயிலும் வாங்கி வந்தது. அதில் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காப்பித்தோட்ட ஊரில் பிறந்து, தொலைதூர ஸ்கீ ஓட்டத்தில் தேசிய அளவில் தங்கம் வாங்கியவர். இது ஸ்னோபோர்டு இல்லைதான். அந்த ஓட்டத்தில் ஏற்றத்தையும் வீராங்கனையே தன் காலால் ஏறித் தொலைக்க வேண்டும். கோண்டோலா டிக்கெட் மிச்சம் என்ற வகையில் நம்மவர்களுக்குப் பொருத்தமான பிரிவு அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஓடுவதில் கோலாருக்குப் பழைய கணக்கும் இருக்கிறது. கோலார் மண்ணில் பிறந்த கென்னத் பவல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடினார். சமதரையில்.

ஆறாம் படி: வித்தைகளின் பெயர்

சீக்கிரம் முடித்துவிடலாம். ஹாஃப்பைப் என்பது நெடுக்கில் பிளந்த குழாய் வடிவில் பனியில் வெட்டிய பள்ளம், இரண்டு பக்கச் சுவரும் 22 அடி. சுவரில் ஏறிக் காற்றில் போய்ச் சுழன்று திரும்பி வர வேண்டும். ஒரு சுற்று 360. மூன்று சுற்று 1080. நான்கு சுற்று 1440. பெரிய ரகசியம் எதுவும் இல்லை, வாய்ப்பாடு தெரிந்தால் போதும். 2018 பியோங்சாங்கில் ஷான் வைட் அடுத்தடுத்து இரண்டு 1440 சுற்றித் தன் மூன்றாவது தங்கத்தை வாங்கினார். நான்கு மாதத்துக்கு முன் நியூசிலாந்தில் இதே மாதிரிப் பயிற்சியில் முகத்தைச் சுவரில் மோதி, 62 தையல் போட்டிருந்தது. அவர் இதயக் கோளாறோடு பிறந்து, குழந்தையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும்கூட. உங்கள் அத்தை "அந்தப் பையனுக்கு உடம்பு சரியில்லாமயே இவ்வளவு பண்றான், நீ என்ன பண்ற?" என்று கேட்கக்கூடும். அத்தைக்கு இந்தத் தகவலைக் கொடுக்காதீர்கள்.

கெவின் பியர்ஸ் பெயரையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வைட்டுக்குச் சரிசமமாகப் பேசப்பட்டவர். 2009 டிசம்பர் 31 அன்று பார்க் சிட்டியில் பயிற்சியில் விழுந்து மூளையில் அடிபட்டது, ஒலிம்பிக்குக்கு ஏழு வாரம்கூட இல்லாத நேரத்தில். நடக்கவும் பேசவும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தார்.

ஏழாம் படி: பணம்

பெரிய படி இதுதான். மற்ற வழிகாட்டி நூல்கள் இந்த இடத்தில் ஆர்வம், விடாமுயற்சி என்றெல்லாம் எழுதி நழுவிவிடும்.

போட்டியில் வரும் பரிசுப் பணத்தால் ஒரு ஸ்னோபோர்டு வீரர் வாழ முடியாது. உலகின் முதல் சில பேரைத் தவிர மற்றவர்கள் ஸ்பான்சர் கொடுப்பதில் வாழ்கிறார்கள். பலகைக் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி, எனர்ஜி பானக் கம்பெனி. காற்றில் தலைகீழாகப் போகும்போது பலகையின் அடிப்பாகம்தான் கேமராவுக்குத் தெரியும் என்பதால் பெரிய எழுத்தில் பெயரை அங்கே போடுவார்கள். பங்காருபேட்டைக்கு என்று உலகப் புகழ் பெற்ற பொருள் ஒன்று உண்டு: பானிபூரி. மற்ற ஊரில் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும் தண்ணீர் இங்கே கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், காரம் மட்டும் உள்ளே ஒளிந்திருக்கும். பெங்களூரில் தெருவுக்குத் தெரு எங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி விற்கிறார்கள். அப்படி ஒரு கடைக்காரரிடம் போய், உங்கள் பலகையிலும் எழுதலாமே என்று கேளுங்கள். அவர் நியாயமான ஆள். "நீ காஷ்மீர்ல தலைகீழா தொங்குறப்போ பாக்குறவன், வண்டி ஏறி இங்க வந்து ஒரு பிளேட்டு சாப்புடுவானாப்பா?" என்று கேட்பார். பதிலை முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். எனக்குத் தோன்றவில்லை.

ஆரிஃப் கான் கதையைப் படியுங்கள். குல்மார்க் அடிவாரத்துப் பையன். அப்பா அங்கேயே ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தார். நான்கு வயதிலேயே பனியில் இறங்கிவிட்டார். அதாவது சரிவு, பனி, சாமான் மூன்றும் பிறந்த வீட்டிலேயே கிடைத்த மனிதர். அவரே 2018 ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை, காரணம் பணம். ஊர் ஊராக நிதி கேட்டார். 2022 பெய்ஜிங்குக்குக் கடைசியில் தகுதி பெற்றபோது கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். இந்தியாவின் ஒரே வீரர், கொடியைப் பிடித்தவரும் அவரே. ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-ஆவது இடம்.

சிவ கேசவனையும். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலிக்காரர், வளர்ந்தது மணாலி. பனிக்குழாய்க்குள் மல்லாந்து படுத்துப் பறக்கிற லூஜ் விளையாட்டு. நம் நாட்டில் அதற்கான பாதையே கிடையாது. சறுக்கு வண்டிக்குச் சக்கரம் பொருத்திக்கொண்டு இமயமலைத் தார்ச்சாலையில் லாரிக்கும் ஆட்டுமந்தைக்கும் நடுவே பழகினார். 1998-இல் 16 வயதில் நாகானோ. 2018 வரை ஆறு ஒலிம்பிக். அதில் 2014 சோச்சியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் சர்வதேசக் கமிட்டியால் நீக்கிவைக்கப்பட்டிருந்ததால், தொடக்க விழாவில் மூவர்ணக் கொடிக்குப் பதில் ஒலிம்பிக் கொடிக்குப் பின்னால் நடந்தார். விளையாட்டில் அடிபடாமல் இருக்க ஹெல்மெட் உண்டு. சங்கத்தில் அடிபடாமல் இருக்க எதுவும் விற்கவில்லை.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனிக் குறிப்பு: குளோயி கிம் 17 வயதில் 2018-இல் தங்கம் வாங்கினார், 2022-இலும். அவருடைய அப்பா மகளை மலைக்குக் கூட்டிப்போவதற்காக இன்ஜினியர் வேலையை விட்டார். இதை எங்கள் பக்கத்து அப்பாக்களிடம் உதாரணமாகச் சொல்லாதீர்கள். அவர்கள் வேலையை விட்டதில்லை, 2001-இல் வேலைதான் அவர்களை விட்டது.

எட்டாம் படி: ஓய்வு

ஷான் வைட் 2022-இல் நான்காவதாக வந்து, அழுது, 35 வயதில் ஓய்வு பெற்றார். அதற்கு முன்னமே சொந்தமாகப் பலகைக் கம்பெனி தொடங்கிவிட்டார். மற்றவர்கள் பயிற்சியாளராகிறார்கள், வர்ணனையாளராகிறார்கள், முட்டிக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள்.

பங்காருபேட்டைக்காரருக்கு மட்டும் ஒரு சௌகரியம். ஓய்வுக்குப் பிறகு என்ன என்ற கேள்வியை எங்கள் வீட்டில் தொழிலைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். பதிலும் அவர்களிடமே இருக்கும்: "பெமல்ல அப்ரெண்டிஸ் எடுக்கிறாங்களாம், போய் அப்ளிகேஷன் வாங்கிட்டு வா." அந்த பெமல் தொழிற்சாலையில் மண் வாரும் பெரிய வண்டிகள் செய்கிறார்கள். ஒருவேளை மேடுகளை ஏலம் எடுக்கிற கம்பெனி அதில் ஒன்றையே வாங்கிக்கொண்டு வந்து உங்கள் சரிவை வாரிக்கொண்டு போகலாம். எப்படியானாலும் அப்ரெண்டிஸுக்கு வயது வரம்பு உண்டு, ஐடிஐ சான்றிதழும் கேட்பார்கள். இஸ்திரிப் பெட்டியில் மெழுகு ஊற்றுவதற்கு முன் அந்தக் கடைசித் தேதியைப் பார்த்துவிடுங்கள்.